ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு நாற்காலி போடுங்கள்

நம் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும், தலைமையாசிரியருக்கும், கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பான ஆசிரியருக்கும் வணக்கம்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வங்கிப் புத்தக நகலைக் கொடுக்கப் பள்ளிக்கு வந்திருந்தேன். அவளுடைய அம்மா சுற்றி முடித்த பீடியைக் கொடுக்கப் போயிருந்ததால் நான் வந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை அது. வராண்டாவில் நடக்கும்போது கம்ப்யூட்டர் அறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றுக்கும் துணி போர்த்தியிருந்தது. கதவில் ஒரு பூட்டு. பூட்டுக்கு மேலே 'அனுமதியின்றித் தொடக் கூடாது' என்று ஒட்டியிருந்தார்கள். நான் நின்று பார்ப்பதைக் கண்டு அந்தப் பிள்ளை சொன்னாள்: "பரீட்சை அன்னைக்கு மட்டுந்தான் திறப்பாவ ஆச்சி. கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும். சார் சொன்னாத்தான் மவுசைத் தொடணும்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பூட்டியவர்மேல் கோபம் இல்லை. ஸ்டாக் ரிஜிஸ்டர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தொலைபேசித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். ஒரு பொருள் உடைந்தால் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயம் நியாயமானதுதான். தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. அதே மாதிரி ஒரு பூட்டை என் வீட்டில் நானே போட்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1988-ம் வருஷம், சாரல் விழத் தொடங்கியிருந்த நேரம். மெட்ராஸில் வேலை பார்த்த என் தம்பி ஊருக்கு வரும்போது ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். யாரோ சிநேகிதர் பழையதாகக் கொடுத்தது. உள்ளே கறுப்பாக, பெரிய நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு சாமான். மேலே முழுக்க எழுத்துக் கட்டைகள். ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் அது. இங்கிலாந்தில் சின்க்ளேர் என்ற கம்பெனி 1982-ல் கொண்டுவந்த ஸ்பெக்ட்ரம்தான், கீபோர்டை மட்டும் மாற்றி 1984-ல் விற்றார்கள். அதன் நினைவகம் 48 கிலோபைட். இன்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோகூட அதற்குள் அடங்காது.

அதற்குத் தனித் திரை கிடையாது. வீட்டு டிவிதான் திரை. எங்களிடம் இருந்தது கறுப்பு வெள்ளை டயனோரா. மொட்டை மாடியில் உயரமாகக் கம்பி நட்டு, இலங்கை ரூபவாஹினி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த டிவி அது. முதல் இரண்டு நாள் அதில் புள்ளி மழையைத் தவிர ஒன்றும் வரவில்லை. எங்கள் எக்ஸ்சேஞ்ச் மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்து, உள்ளே ஒரு கம்பியை மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்த பிறகுதான் படம் தெரிந்தது. திரையின் அடியில் ஒரே ஒரு வரி, சின்க்ளேர் ரிசர்ச் லிமிடெட், 1982 என்று. அவ்வளவுதான். வேறு எதுவும் தானாக நடக்கவில்லை. நாம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அது காத்துக்கொண்டு நின்றது.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது, ஐந்தாம் வகுப்பு. அவள் அப்பா பம்பாயில் வேலையில் இருந்தார். வீட்டில் நானும் அவளும் என் அம்மாவும்தான். என் அம்மா அந்தப் பெட்டியைப் பார்த்து, "இது பாட்டுப் பாடுமா, படம் காட்டுமா, என்னதான் செய்யும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. என் மகளுக்கும் தெரியவில்லை. தம்பி கையேட்டைக் கொடுத்துவிட்டு இரண்டாம் நாளே ரயில் ஏறிவிட்டான்.

எங்கள் இரண்டு பேருக்குமே ஒன்றும் தெரியாது என்பதுதான் அந்த வீட்டில் நடந்த நல்லது. கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது நான் அம்மா, அவள் பிள்ளை. எனக்கு விடை தெரியும், அவளுக்குத் தெரியாது. இந்தப் பெட்டிக்கு முன்னால் அப்படி இல்லை. ஸ்டூலில் அவள், நாற்காலியில் நான், நடுவில் கையேடு. இங்கிலீஷை நான் படித்துச் சொல்வேன், அவள் தட்டிப் பார்ப்பாள். வரவில்லை என்றால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். என் மகள் என்னை ஒரு கூட்டாளியைப் போலப் பார்த்தது அப்போதுதான்.

அந்த இயந்திரத்தில் ஒரு கட்டையைத் தட்டினால் ஒரு எழுத்து வராது, ஒரு முழு வார்த்தை வரும். 'பி' தட்டினால் பிரிண்ட். 'ஜே' தட்டினால் லோட். வண்ணத்துக்கு அதில் இங்க், பேப்பர், பார்டர் என்று மூன்று கட்டளை. மை, தாள், விளிம்பு. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு அவை கம்ப்யூட்டர் வார்த்தைகளாகவே தோன்றவில்லை. "மையை வெள்ளையாக்கி, தாளைக் கறுப்பாக்கட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தட்டுவாள். வண்ணங்களுக்கு 0 முதல் 7 வரை எண். கறுப்பு 0, வெள்ளை 7. அதைச் செய்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். எண் கூடக் கூட வெளிச்சமும் கூடும்படி வண்ணங்களை அடுக்கியிருந்தார்கள். அதனால் எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் எட்டு வண்ணமும் எட்டுப் படிச் சாம்பலாகத் தெரிந்தது. சிவப்பையே பார்க்காமல் 2 என்றால் சிவப்பு என்று அவள் ஒரு முழு வீடு வரைந்தாள், ஓட்டுக்கூரையோடு.

எழுதியதைச் சேமித்து வைப்பது டேப் ரிக்கார்டரில். பாட்டுக் கேட்கும் அதே கேசட். திரும்ப ஏற்றும்போது முதலில் ஒரே சீராக ஒரு கூவல், பிறகு பட்டென்று ஒரு சின்ன இரைச்சல், மறுபடி கூவல், அதற்குப் பிறகு நிமிஷக் கணக்கில் கரகரவென்று. டிவியின் விளிம்பில் கோடுகள் ஓடும். சத்தம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஏறாது. நாலு நிமிஷம் ஓடிக் கடைசியில் 'டேப் லோடிங் எர்ரர்' என்று வந்து நிற்கும். டிரங்க் போர்டில் உட்கார்ந்து பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் லைன் போட்டுக் கொடுத்த காது என்னுடையது. லைன் தேறுமா தேறாதா என்று இரைச்சலை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும். அந்தக் காது இங்கே பயன்பட்டது. கூவல் தொடங்கின உடனேயே "இது ஏறாதுட்டி, வால்யூமைக் குறை" என்பேன். சரியாக இருக்கும். அடுத்த அறையில் இருந்தாலும், "லோடு ஆயிட்டாம்மா?" என்று அவள் கத்துவாள். நான் காதால் பார்த்துச் சொல்வேன்.

அப்புறம்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஒரு மழை நாள். டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால், கூடத்தில் பெட்டி மல்லாந்து கிடக்கிறது. திருகாணிகள் ஒரு தட்டில். கீபோர்டிலிருந்து உள்ளே போகும் மெல்லிய பிளாஸ்டிக் நாடா ஒன்று, நுனி உடைந்து தொங்குகிறது. என் மகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வரிசைக் கட்டைகள் வேலை செய்யவில்லையாம், ஏன் என்று பார்க்கத் திறந்தாளாம். நான் அதைக் கேட்கவில்லை. அடித்துவிட்டேன். தம்பி எவ்வளவு கொடுத்தானோ, இந்த ஊரில் இதை யார் சரிசெய்வார்கள் என்ற பயம்தான் கையாக வந்தது. பெட்டியை அப்படியே துணியில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "இனி நான் இல்லாம இதைத் தொடக் கூடாது" என்றேன். உங்கள் கதவில் ஒட்டியிருக்கிற அதே வாசகம்.

அவள் அழவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமும் கேட்கவில்லை. நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். பொருள் பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதானே.

தீபாவளி கழிந்து ஒரு நாள் நைட் டூட்டி முடிந்து விடிகாலையில் வந்தேன். என் அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். உள்ளே என் மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். புதுச் சேலை வந்த அட்டைப் பெட்டியின் மூடி. அதில் பென்சிலால் அந்தக் கீபோர்டை முழுக்க வரைந்து வைத்திருந்தாள். நாற்பது கட்டைக்கு மேல், ஒவ்வொன்றிலும் என்ன வார்த்தை இருக்குமோ அதை மறக்காமல் எழுதியிருந்தாள். தட்டித் தட்டி, திரையில் என்ன வரும் என்று தானே வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள். அட்டை மூலையில் ஒரு சின்னக் கட்டம், அது டிவி.

நான் உடை மாற்றவில்லை. பீரோவைத் திறந்து, பெட்டியை எடுத்து, அவளையும் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் அந்த மெக்கானிக் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் நாடாவைப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்து உடைந்த நுனியை ஒரு நூலளவு நேராக வெட்டினார். மீதியை அது செருகும் இடத்தில் திரும்ப அழுத்தினார். அவ்வளவுதான். ஐந்து நிமிஷம். எல்லாக் கட்டையும் வேலை செய்தது. "பிளாஸ்டிக் காஞ்சு போனா இப்படித்தான் ஒடியும். பிள்ளை ஒடிக்கல, அதுவா ஒடிஞ்சது. கட்டை வேலை செய்யலன்னு பிள்ளை சரியாத்தான் பாத்திருக்கு" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூடிரைவரை அவள் பென்சில் டப்பாவிலேயே போட்டு வைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை எப்போது திறந்தாலும் அவள்தான் திறந்தாள்.

அந்த இரண்டரை மாதத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நம் பள்ளியில் துணி போர்த்தி எத்தனை வருஷம் ஆகிறது என்று யாராவது கணக்குப் பாருங்கள்.

சரி, அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்கிறேன், என்னிடம் இருப்பதிலேயே நல்ல கதை அதுதான்.

திரையில் இங்கிலீஷ்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அவள், "தமிழ் வராதாம்மா?" என்று கேட்டாள். கையேட்டைப் புரட்டினோம். நாமே எழுத்து வரைந்து சேர்த்துக்கொள்ள 21 இடம் அதில் உண்டு என்று போட்டிருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டுக்கு எட்டு, 64 கட்டம். புள்ளி வேண்டிய இடத்தில் 1, வெறுமையாக விட வேண்டிய இடத்தில் 0. வரிக்கு எட்டு எண், எழுத்துக்கு எட்டு வரி. கோலம் மாதிரிதானே என்று நான் நினைத்தேன். போட்டுப் பார்த்ததும் புரிந்தது, கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிப் போகும். இதில் புள்ளிதான் கோடு.

கணக்கு நோட்டில் கட்டம் போட்டு ஆரம்பித்தோம். 'ட' ஒரே தடவையில் வந்துவிட்டது. நெட்டாக ஒரு கோடு, படுக்கையாக ஒரு கோடு. 'ப'வும் அப்படியே. 'ம'வுக்குக் கொஞ்சம் திண்டாட்டம், அப்புறம் வந்தது. அதற்கு மேல் புள்ளி வைக்க இடம் இல்லை. எழுத்தைக் கீழே அமுக்கி ஐந்து வரிக்குள் கொண்டுவந்து, ஒரு வரி சும்மா விட்டு, மேலே புள்ளி வைத்தாள். எங்கள் டிவியில் முதல் முதலாக வந்த தமிழ்ச் சொல் 'படம்'. என் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அதுவரை அந்தப் பெட்டி என்ன செய்யும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அடுத்து அவளுக்கு 'அம்மா' வேண்டும், 'தமிழ்' வேண்டும். அங்கேதான் நின்றுவிட்டோம். 'அ' எட்டுக் கட்டத்துக்குள் எப்படிப் போட்டாலும் நசுங்கிய சிலந்தி மாதிரி இருந்தது. 'ழ்' இன்னும் மோசம். தலையிலே புள்ளி, காலிலே வால். அழித்து அழித்து நோட்டில் ஓட்டை விழுந்தது.

அந்தச் சமயம் உறவில் ஒரு கல்யாணம். பாய் சொல்லப் பத்தமடைக்குப் போனேன், அவளும் கூட வந்தாள். பத்தமடைப் பட்டுப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரைச் சேர்த்தே நெய்து கொடுப்பார்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. நாங்கள் போன வீட்டில் வயதான ஒரு பெரியம்மா தறியில் இருந்தார். தரையோடு தரையாகத் தறி. பாவு நூல் நெருக்கமாக ஓடியது. ஊறிய கோரையின் ஈர வாசம் வீடு முழுக்க. அவர் அப்போது நெய்துகொண்டிருந்ததே ஒரு பெயர்தான். என் மகள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டி, "பெரியம்மா, எனக்கு அ வரமாட்டேங்கு" என்றாள்.

அவர் நோட்டை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க எழுதப் பாக்குதிய. இதுல எழுதக் கூடாது, எண்ணணும்." கீழே கிடந்த கோரைத் துணுக்குகளைப் பொறுக்கி, நகத்தால் கிள்ளிச் சின்னச் சின்னதாக்கி, நோட்டின் கட்டங்கள்மேல் ஒவ்வொன்றாக வைத்தார். வளைவு என்று ஒன்று பாயில் கிடையாதாம், படி மட்டும்தானாம். படியைச் சரியாக வைத்தால் தள்ளி நின்று பார்க்கிறவர் கண் அதை வளைவாக்கிக்கொள்ளுமாம். 'அ'வுக்கு ஒரு வீடு, அதாவது ஒரு எழுத்தின் இடம், போதாது, இரண்டு வீடு எடுத்துக்கொள் என்றார். 'ழ்'வைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "வாலை வெட்டிராத. வாலை வெட்டினா வேற எழுத்தாயிரும். தலையைக் குட்டையாக்கு."

கோரைத் துணுக்கு விழுந்துவிடாமல் நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். பாதி வழியில் விழுந்துவிட்டன. அதனால் என்ன, அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி திரையில் 'அம்மா' வந்தது.

அதற்கப்புறம் 21 இடம் போதவில்லை. தமிழில் 247 எழுத்து. எதை வைப்பது, எதை விடுவது? இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொன்னாள்: "கா, பா, மான்னு தனித்தனியா எதுக்கும்மா? துணைக்காலை மட்டும் ஒரு தடவை போட்டுக்கிட்டா எல்லாத்துக்கும் பக்கத்துல வச்சிரலாம்லா?" ஒற்றைக்கொம்புக்கு ஒன்று, இரட்டைக்கொம்புக்கு ஒன்று, துணைக்காலுக்கு ஒன்று. கொம்பை எழுத்துக்கு முன்னால் வைத்தாள், துணைக்காலைப் பின்னால் வைத்தாள். 'கொ' கிடைத்தது. எல்லாச் சொல்லும் வரவில்லை, ஆனால் தெரு பெயர், தாத்தா பெயர், எங்கள் ஊர்ப் பெயர் எல்லாம் வந்தன.

அப்போது எங்களுக்குத் தெரியாது, பெரிய படிப்புப் படித்தவர்களும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். யூனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு எண் கொடுக்கும் பொது முறை. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பில் தமிழுக்கு 128 இடம் கொடுத்தார்கள். அதிலும் உயிர்மெய்க்குத் தனித்தனி இடம் இல்லை. எழுத்துக்கு ஒரு இடம், அதோடு சேரும் குறிக்கு ஒரு இடம். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்த வருஷம் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகையிலும் அதே முறை. இடது கையில் உயிர், வலது கையில் மெய், இரண்டையும் தட்டினால் உயிர்மெய். அந்த விசைப்பலகையை முதலில் பார்த்த அன்று என் மகள் போன் செய்து ரொம்ப நேரம் பேசினாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், சோற்றைப் பிசைந்துகொண்டே கண்டுபிடித்த விஷயம் அது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வந்திருக்குமா?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 21 எழுத்து, எழுத்துக்கு எட்டு வரி, ஆக 168 வரி. அத்தனையையும் தட்டி முடித்து, கேசட்டைப் போடப் போகும்போது கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் அந்தப் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். எனக்கு நெஞ்சடைத்தது. இருட்டில் அவள் குரல் வந்தது: "நோட்டுல இருக்கும்மா. நாளைக்குத் தட்டுவோம்." உடைந்ததற்கு அடி வாங்கிய அதே பிள்ளைதான்.

அவள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகவில்லை. கால்நடை மருத்துவர் ஆனாள். இதைக் கேட்டால் சில பேர், அப்புறம் அந்தப் பெட்டியால் என்ன பிரயோஜனம் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் நின்றுபோனால் எல்லாரும் கம்பெனிக்குப் போன் போடுவார்களாம், இவள் முதலில் வயரைப் பார்ப்பாளாம். நான் தூங்கி எழுந்து போன் எடுக்கத் தாமதமானால், "லோடு ஆயிட்டாம்மா?" என்றுதான் இன்றும் கேட்கிறாள். 46 வயது அவளுக்கு. எனக்கு அது போதும்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

நீங்கள் சொல்வீர்கள், இப்போதுதான் வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறதே, பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியுமே என்று. செல்போன் ஒருவர் பார்க்கிற சாமான். பிள்ளை அதை மூலைக்குக் கொண்டுபோய்விடுகிறது. அதில் யாரோ செய்து வைத்ததைத் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். எங்கள் பெட்டி கூடத்தில் இருந்தது, டிவியில் தெரிந்தது. வெள்ளிக்கிழமை பாட்டுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்த்தார்கள். நாம் எதுவும் செய்யாவிட்டால் அது எதுவுமே காட்டாது. பள்ளியில் இருக்கிற கம்ப்யூட்டரில் அப்படிச் செய்யலாம். பெரிய கீபோர்டு, பெரிய திரை, இரண்டு பேர் தோளோடு தோள் உட்காரலாம்.

இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஊரில் அந்தப் பெண்களில் பல பேர் பீடி சுற்றுகிறவர்கள். உங்களில் ஒருவரிடம் இதைப் பேசியபோது, "நாங்க அங்க வந்து என்ன செய்ய, எங்களுக்கு அது ஒண்ணும் தெரியாதே" என்றார். தாயே, தெரியாது என்பதுதான் வேண்டும். எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தால் நான் சொல்லிக்கொடுத்திருப்பேன், அவள் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள், அதோடு முடிந்திருக்கும். இலையை அச்சு வைத்துக் கத்தரிக்கிற கை உங்களுடையது. பார்க்காமலே எண்ணிக் கட்டுகிற விரல். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஒரு எழுத்தை அடக்க, கம்ப்யூட்டர் படித்தவரைவிட நீங்கள் நல்ல வழி சொல்வீர்கள். பத்தமடைப் பெரியம்மா சொன்னதை நான் நேரில் பார்த்தவள்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக எழுத வேண்டியது இது. சனிக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை அறையைத் திறக்க வேண்டும். பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டி வர வேண்டும், அம்மா, அப்பா, ஆச்சி, தாத்தா, யாரானாலும் சரி. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு நாற்காலி. கதவில் இருக்கும் அந்தத் தாளை எடுத்துவிட வேண்டும்.

பொறுப்பாசிரியருக்குத் தனியாக ஒரு வார்த்தை. சார், உங்கள் கையெழுத்துக்குப் பங்கம் வராது. ஸ்டாக் ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டுப் போடுவோம். எது கெட்டுப்போனாலும், அதற்கு முன்னால் என்ன செய்தோம், திரையில் என்ன வந்தது என்று பிள்ளையே அதில் எழுதட்டும். அபராதம் வேண்டாம், திட்டும் வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் ஃபால்ட் புக் என்று வைத்திருப்போம், அதே மாதிரி. யாரைத் திட்டலாம் என்று பார்க்க அதை வைக்கவில்லை, லைனைச் சரிசெய்ய வைத்திருந்தோம். கீபோர்டோ மவுசோ போனால் என் பென்ஷனிலிருந்து வாங்கித் தருகிறேன், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார். இந்த வருஷம் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அந்த அறையில் இருப்பேன்.

முதல் சனிக்கிழமைக்குக் கரண்ட்கூட வேண்டாம். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரின் முதல் எழுத்தை 64 கட்டத்துக்குள் அடக்கட்டும். பக்கத்தில் இருக்கிற பெரியவர் எண்ணிச் சொல்லட்டும். அடுத்த வாரம் அதைக் கம்ப்யூட்டரில் கொண்டுவருவோம். என் பழைய இயந்திரத்தைப் போலவே நடக்கிற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, அதை ஏற்றித் தருவதாக என் மகள் சொல்லியிருக்கிறாள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கீழே இருந்ததெல்லாம் போயிற்று. பரணில் இருந்த அட்டைப் பெட்டி மட்டும் தப்பியது. அதில் அந்த நோட்டும் சேலைப் பெட்டி மூடியும் இருக்கின்றன. இரண்டையும் கொண்டுவருகிறேன், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும்.

நாற்காலி பற்றாவிட்டால் சொல்லுங்கள். என் வீட்டில் மூன்று ஸ்டூல் இருக்கிறது, முந்தின நாள் சாயங்காலமே கொண்டுவந்து போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
பள்ளிக்குப் பின்தெருவில் குடியிருக்கும்
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்